தீபாவளிக்கு முன்னாடி கடைக்கு 6 பேர் எடுத்தோம்: கன்சல்டன்சி, வேலை ஆப், வேலைவாய்ப்பு முகாம் மூணையும் பார்த்தாச்சு, என் ரிவ்யூ

கும்பகோணத்துல நாங்க ஜவுளிக்கடை வச்சிருக்கோம், பெரிய கடைன்னு சொல்ல மாட்டேன், கீழ புடவை, சுடிதார், மேல போன வருஷம் புதுசா ஜென்ட்ஸ், கிட்ஸ் ஃப்ளோர் போட்டோம். ஃப்ளோர் போடுறது கூட பெருசா தெரியல, அதுக்கு ஆள் எடுக்குறதுக்குள்ள எங்களுக்கு போதும் போதும்னு ஆயிடுச்சு. நம்மள மாதிரி சின்ன கடை வச்சிருக்கவங்க நிறைய பேர் எப்படி ஆள் புடிச்சீங்கன்னு கேக்குறாங்க, ஒவ்வொருத்தருக்கா போன்ல சொல்றதுக்கு பதிலா மொத்தமா எழுதிடறேன். கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

ஆடித் தள்ளுபடி முடிஞ்ச கையோட தேட ஆரம்பிச்சோம். எங்க ஊர்ல ஆவணி பொறந்தா முகூர்த்தம் வந்துடும், அது முடியறதுக்குள்ள தீபாவளி கூட்டம், ஆகவே ஆவணிக்குள்ள ஆள் வந்து கை பழகியிருக்கணும். தேவைப்பட்டது புடவை செக்ஷனுக்கு 2 பேர், மேல ஃப்ளோருக்கு 2 பேர், பில்லிங்க்கு ஒருத்தர், பேக்கிங், ஸ்டாக் பாக்க ஒருத்தர். வாசல்ல "வேலைக்கு ஆட்கள் தேவை"ன்னு போர்டு தொங்க விட்டோம், 10 நாள்ல 4 பேர் வந்து விசாரிச்சாங்க, அதுல 2 பேர் ஸ்கூல் படிக்கிற பசங்க, லீவு நாள்ல மட்டும் வரேன்னாங்க. படிக்கிற புள்ளைங்கள கடையில நிறுத்துறதுல எனக்கு மனசு ஒப்பல, வேணாம் தம்பி போய் படின்னு அனுப்பிட்டேன்.

முதல்ல கன்சல்டன்சி கதைய சொல்லிடறேன், பேரு வேணாம். தெரிஞ்சவர் ஒருத்தர் சொல்லி போனோம். ஆளுக்கு அரை மாச சம்பளம் கமிஷன், முன்பணமா 5,000 ரூபா கட்டணும், ஒரு வாரத்துல 6 பேரும் வந்துடுவாங்கன்னு சொன்னாங்க. ஃபார்ம் ஃபில் பண்ணும்போது அந்த ஆள் சாதாரணமா பேனாவ கையில வச்சிக்கிட்டு "என்ன கம்யூனிட்டி ஆளுங்க வேணும் மேடம்"னு கேட்டாரு. எனக்கு ஒரு நிமிஷம் புரியவே இல்ல. நான் புடவை மடிக்கிறதுக்கு ஆள் கேக்குறேன், நீங்க என்ன கேக்குறீங்கன்னு சொன்னதுக்கு "எல்லா முதலாளியும் கேப்பாங்க மேடம், அதான் ஃபார்ம்லயே வச்சிருக்கோம்"ங்கறாரு. அப்பவே எந்திரிச்சு வந்திருக்கணும், அவசரம், பணத்த கட்டிட்டோம்.

ஒரு வாரம்னவங்க 3 வாரம் இழுத்தாங்க. அனுப்புனது மொத்தம் 3 பேர். அதுல ஒரு பையனுக்கு ஜவுளிக்கடைன்னே தெரியாது, சூப்பர் மார்க்கெட்னு சொல்லி அனுப்பியிருக்காங்க. இன்னொரு பொண்ணு வலங்கைமான் பக்கத்துலேர்ந்து அம்மாவ கூட்டிட்டு வந்துச்சு, பேசிட்டு இருக்கும்போது அந்த அம்மா மெதுவா "அங்க பதிவு பண்ண 1,500 கட்டியிருக்கோம்மா, வேலை கிடைக்கலன்னா திருப்பி குடுப்பாங்களா"ன்னு கேக்குறாங்க. எங்ககிட்டயும் வாங்கி, அந்தப் பக்கம் வேலை இல்லாம இருக்க குடும்பத்துகிட்டயும் வாங்கியிருக்காங்க! அன்னைக்கு எனக்கு வந்த கோவம் கொஞ்சநஞ்சம் இல்ல. போன் போட்டு கேட்டதுக்கு பதில் சொல்லாம அவங்க எனக்கு அட்வைஸ் பண்றாங்க, "ஒரிஜினல் மார்க் ஷீட்ட வாங்கி வச்சிக்கோங்க மேடம், இல்லன்னா தீபாவளி போனஸ் வாங்கிட்டு ஓடிடுவாங்க"ன்னு. ஒருத்தரோட சர்டிஃபிகேட்ட பீரோவுல பூட்டி வச்சித்தான் அவங்கள வேலைல வச்சிக்கணும்னா அந்தக் கடையில ஏதோ தப்பு இருக்குன்னுதான் நான் நினைக்கிறேன். ஜெராக்ஸ் போதும், ஒரிஜினல பார்த்துட்டு அப்பவே கையில திருப்பி குடுத்துடணும். எங்க 5,000 போனது போனதுதான், அந்த அம்மாவோட 1,500-க்கு மட்டும் நாலஞ்சு தடவ போன் பண்ணி சண்டை போட்டு வாங்கி குடுத்தோம். அந்த பொண்ணு எங்க கடையிலயேதான் இப்ப பேக்கிங்ல இருக்கு, அது ஒண்ணுதான் அந்த 5,000-க்கு கிடைச்சது. ஸ்டார் கேட்டா ஒண்ணு கூட தர மாட்டேன்.

அடுத்து வேலை ஆப். என் தங்கச்சி பையன் போட்டு குடுத்தான். விளம்பரம் போட்ட அன்னைக்கே போன் அடிச்சிக்கிட்டே இருக்கு, 4 நாள்ல 80 பேருக்கு மேல அப்ளை பண்ணியிருந்தாங்க, நமக்கு பெருமையாத்தான் இருந்துச்சு. கூப்பிட்டு பேசும்போதுதான் தெரியுது, பாதி பேரு சென்னைலயும் கோயம்புத்தூர்லயும் இருக்காங்க, கும்பகோணம்னதும் வச்சிடறாங்க, மீதி பேர்ல "ஒர்க் ஃப்ரம் ஹோமா"ன்னு கேட்டவங்களும் உண்டு. நாளைக்கு 11 மணிக்கு வரேன்னு சொன்ன 14 பேர்ல நேர்ல வந்தது 5 பேரு. வராதவங்கள நான் குறை சொல்ல மாட்டேன், ஒரே நேரத்துல பத்து இடத்துக்கு அப்ளை பண்ணிட்டு எது பக்கத்துல இருக்கோ அங்க போறாங்க, அவங்க பொழப்பு அது. ஆனா ஒண்ணு, நாங்களும் விளம்பரத்துல "கவர்ச்சிகரமான சம்பளம்"னு போட்டிருந்தோம், சம்பளம் எவ்வளவுன்னு போடல. தங்கச்சி பையன்தான் "பெரியம்மா, அமௌண்ட் போடுங்க, டைமிங் போடுங்க, லீவு போடுங்க"ன்னான். மாத்தி போட்டோம்: சம்பளம் இவ்வளவு, காலை 10-லேர்ந்து ராத்திரி 8, நடுவுல சாப்பாட்டுக்கும் டீக்கும் சேத்து 2 மணி நேரம், வாரத்துல ஒரு நாள் லீவு, இடம் பெரிய தெரு பக்கம். போன் வர்றது பாதியா குறைஞ்சுது, ஆனா வந்த போன் எல்லாம் உருப்படியான போன். அங்கேர்ந்து ஒரு பில்லிங் பையன் கிடைச்சான், நல்ல பையன். 5-க்கு 3 தரலாம், பில்லிங், டெலிவரி மாதிரி வேலைக்கு சரி, புடவை செக்ஷனுக்கு ஆள் தேடுறவங்களுக்கு அவ்வளவா உதவாது.

இப்ப விஷயத்துக்கு வரேன். தஞ்சாவூர்ல மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்துல தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம் நடக்கும்னு பக்கத்து செருப்புக்கடை அண்ணன் சொன்னாரு. அதெல்லாம் பெரிய கம்பெனிக்குன்னு நினைச்சிட்டு இருந்தேன். இல்லங்க, எங்க மாதிரி 6 பேர் வேணும்ங்கற கடையும் போகலாம். அரசாங்கத்தோட தனியார் வேலை இணையதளத்துல கடை விவரம் போட்டு, என்ன வேலை, எத்தனை பேர், என்ன படிப்புன்னு பதிஞ்சா போதும், நமக்கும் பைசா கிடையாது, வேலை தேடி வர்றவங்களுக்கும் பைசா கிடையாது. இதுதான் எனக்கு முதல்ல மனசுக்கு நிம்மதியா இருந்தது, அந்த 1,500 ரூபா கதைய பார்த்த பிறகு.

அன்னைக்கு வெள்ளிக்கிழமை, காலைல கடை நேரம் வீட்டுக்காரர்கிட்ட விட்டுட்டு நான் மட்டும் பஸ் ஏறி போனேன். எனக்கு ஒரு டேபிள், ரெண்டு நாற்காலி, அவ்வளவுதான். ஒரு பக்கம் ஃபைனான்ஸ் கம்பெனி, இன்னொரு பக்கம் ஏதோ ஃபேக்டரி, நடுவுல நான். மத்தியானத்துக்குள்ள 31 பேர்கிட்ட பேசினேன். 8-ம் வகுப்பு படிச்சவங்கலேர்ந்து எம்.காம் வரைக்கும் வந்தாங்க. நிறைய பேருக்கு ஒரே பயம், தனியார்ல சேந்தா எம்ப்ளாய்மெண்ட் பதிவு போயிடுமான்னு. போகாது, பதிவு அப்படியே இருக்கும்னு அங்கயே சொல்லி அனுப்பினாங்க, அத கேட்டதும் முகம் மாறுறத நான் பக்கத்துலேர்ந்தே பார்த்தேன், பதினஞ்சு வருஷம் முன்னாடி பதிஞ்சு வச்சிட்டு காத்திருக்கவங்களுக்கு அது சும்மா ஒரு நம்பர் இல்லங்க.

அங்க பேசும்போது நான் ஒரு தப்பு பண்ணேன், அத மறைக்காம சொல்றேன். 23 வயசு பொண்ணு ஒண்ணுகிட்ட "கல்யாணம் எப்போ, அதுக்கு அப்புறம் வருவியா"ன்னு கேட்டுட்டேன். அது தலைய குனிஞ்சிக்கிட்டு "தெரியல மேடம்"னுச்சு. பையன்கள்ல ஒருத்தன்கிட்டயும் நான் அத கேக்கல. திரும்பி வரும்போது பஸ்ல அதே நெஞ்சுல உறுத்திக்கிட்டு இருந்தது. அதுக்கு அப்புறம் அந்த கேள்விய எடுத்துட்டேன். அதுக்கு பதிலா எல்லார்கிட்டயும் ஒரே கேள்வி, "எந்த ஊர்லேர்ந்து வரீங்க, உங்க ஊருக்கு கடைசி பஸ் எத்தனை மணிக்கு?" ஆள் நிக்குமா நிக்காதாங்கறது இந்த ஒரு கேள்வியில தெரிஞ்சிடும். சுவாமிமலை, தாராசுரம், ஆடுதுறை, திருவிடைமருதூர் பக்கத்துலேர்ந்து வர்ற பொண்ணுங்களுக்கு 2021 மே மாசத்துலேர்ந்து டவுன் பஸ்ல டிக்கெட்டுக்கு காசு இல்லாததால மாசாமாசம் பஸ் காசு மிச்சம், தூரமா இருக்கவங்களும் தைரியமா வேலைக்கு வராங்க. ஆனா அந்த பஸ் போயிட்டா ஆட்டோவுக்கு 200 ரூபா. ஆகவே லேடீஸ் ஸ்டாஃப் 8 மணிக்கு கிளம்பிடணும், தீபாவளி கூட்டமா இருந்தாலும் கிளம்பிடணும்னு முடிவு பண்ணிட்டோம், அதுக்கு மேல நானும் வீட்டுக்காரரும் நின்னு பாத்துப்போம்.

31 பேர்ல 9 பேர கடைக்கு வர சொன்னேன். இங்கதான் நான் எல்லாருக்கும் சொல்ல நினைக்கிற விஷயம் இருக்கு, டேபிள்ல உக்காந்து "உங்கள பத்தி சொல்லுங்க"ன்னு கேட்டா ஜவுளிக்கடைக்கு ஆள் தெரியாது. ஒரு நாள் கடையில நிக்க வச்சு பாக்கணும், அந்த ஒரு நாளுக்கு முழு சம்பளமும் மத்தியான சாப்பாடும் குடுத்துடணும், எடுத்தாலும் சரி எடுக்கலன்னாலும் சரி. ட்ரையல்னு சொல்லி ஒரு வாரம் சும்மா வேலை வாங்கிட்டு அனுப்புற கடைங்களும் இருக்கு, அது பாவம்.

ஒரு தம்பி வந்தாரு, பேச்சு அவ்வளவு அழகு, முகாம்ல பேசும்போதே இவர்தான் மேல ஃப்ளோருக்குன்னு மனசுல முடிவு பண்ணிட்டேன். கடையில ஒரு பாட்டி வந்து 600 ரூபாக்குள்ள ஒரு காட்டன் புடவை கேட்டாங்க. இவர் 2,000 ரூபா புடவையா எடுத்து போடுறாரு. பாட்டி ரெண்டு தடவ "வெலை கம்மியா இருக்கறத காட்டுப்பா"ன்னாங்க, "இத கட்டுனா நீங்க பத்து வயசு குறைஞ்சு தெரிவீங்க பாட்டி"ன்னு திரும்ப அதையே விரிக்கிறாரு. பாட்டி எதுவும் வாங்காம பைய எடுத்துட்டு கிளம்பிட்டாங்க, நான் ஓடிப்போய் கூப்பிட்டு உக்கார வச்சு 550-க்கு ஒண்ணு குடுத்து அனுப்பினேன். அவர எடுக்கல. கையில எவ்வளவு காசு இருக்கோ அதுக்குள்ள நல்லதா காட்டத் தெரியணும், அத நான் சொல்லிக் குடுத்தாலும் சிலருக்கு வராது.

அதே நாள் வந்தவங்கதான் திருபுவனத்து பொண்ணு. 10-வது பாஸ், 3 வயசுல ஒரு குழந்தை, பேசவே மாட்டேங்குறாங்க, கேட்டா கேட்டதுக்கு மட்டும் பதில். வீட்டுக்காரர் என்னைப் பார்த்து தலைய ஆட்டுனாரு, சேல்ஸுக்கு இது சரிவராதுங்கற மாதிரி. கஸ்டமர் பார்த்துட்டு வேணாம்னு விட்டுட்டு போன பட்டுப்புடவை ஒண்ணு மேஜைல கலைஞ்சு கெடந்தது, மடிச்சு வைங்கன்னு சொன்னேன். அவங்க முதல்ல கைய துப்பட்டால துடைச்சாங்க. அப்புறம் முந்திய தேடி எடுத்து கரைய விரல்ல தடவிப் பார்த்துட்டு "இது எங்க ஊரு புடவைக்கா"ன்னாங்க, அதுவரைக்கும் மேடம் மேடம்னு இருந்தவங்க. அட்டைப் பெட்டிய நான் எடுத்து குடுத்தேன், நம்ம பழக்கத்துல நாலா மடிச்சு உள்ள வைக்க சொல்லி. "நாலா மடிச்சு அழுத்துனா ஒரே எடத்துல மடிப்பு விழுந்து ஜரிகை ஒடிஞ்சிடும்க்கா"ன்னு சொல்லிட்டு, விசிறி மாதிரி ஒவ்வொரு மடிப்பா, ஒரே அகலத்துல, கட்டைவிரலால நீவி நீவி மடிச்சாங்க. திருபுவனம் பட்டுக்கு 2019-ல புவிசார் குறியீடு குடுத்தாங்க இல்லையா, அந்தப் புடவையோட அடையாளமே இந்த விசிறி மடிப்புதான்னு எல்லா வியாபாரிக்கும் தெரியும், ஆனா கடையில யாரும் பொறுமையா மடிக்க மாட்டாங்க, நாங்களும் மடிச்சதில்ல. பக்கத்துல நின்ன ஒரு அம்மா, முகூர்த்தப் புடவை பாக்க வந்தவங்க, "அத காட்டும்மா"ன்னு கேட்டாங்க. ஒரு மடிப்பு பிரிச்சு புடவை உடம்புல புட்டா (சின்னச் சின்ன பூ டிசைன்) எப்படி ஓடுது, கரை எப்படி சேருதுன்னு சின்ன குரல்ல சொன்னாங்க, நாலு வார்த்தைதான். அந்த அம்மா அதையே எடுத்துக்கிட்டாங்க. தறி சத்தத்துல பொறந்து வளந்த புள்ள, அவங்க பயோடேட்டால "முன் அனுபவம் இல்லை"ன்னு எழுதியிருந்தது.

உண்மையில அனுபவம் இருந்துச்சு. சாயங்காலம் டீ குடிக்கும்போது சொன்னாங்க, வேற ஊர்ல ஒரு பெரிய கடையில 8 மாசம் வேலை பார்த்திருக்காங்க, காலைல 9-லேர்ந்து ராத்திரி 10 வரைக்கும் நின்னுக்கிட்டே, உக்காந்தா கேமராவுல பார்த்துட்டு சூப்பர்வைசர் வந்துடுவாராம், குழந்தை பொறந்து 1 வருஷம்தான் ஆகியிருக்கு அப்போ, கால் வீங்கி முட்டி வலி வந்து விட்டுட்டாங்க. அந்தக் கடையில கேட்டா நல்லபடியா சொல்ல மாட்டாங்கன்னு பயந்து அனுபவம் இல்லன்னே எழுதிட்டாங்க. கடையில வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இருக்கை குடுக்கணும், கஸ்டமர் இல்லாத நேரத்துல உக்காரலாம்னு தமிழ்நாட்டுல 2021-லயே சட்டம் திருத்திட்டாங்க, கேரளாவுல அதுக்கு முன்னாடி 2018-லயே வந்துடுச்சு. சட்டம் வந்த விஷயம் அவங்களுக்கு தெரியாது. எங்க கடையில அப்ப இருந்தது 2 ஸ்டூல், அதுவும் கஸ்டமருக்கு. மறுநாளே 6 வாங்கி ஒவ்வொரு செக்ஷன் பின்னாடியும் போட்டோம், மொத்தம் 4,000 ரூபா கூட ஆகல, கன்சல்டன்சிக்கு தண்டம் கட்டுனத விட கம்மி.

இன்னொருத்தர், 52 வயசு. முகாம்ல ஓரமா நின்னாரு, வயசு வரம்பு போட்டிருப்பீங்களான்னு கேட்டுட்டுதான் உக்காந்தாரு. 20 வருஷத்துக்கு மேல ஜவுளிக்கடை, வேலை பார்த்த கடைய மூடிட்டாங்க. வீட்டுக்காரருக்கு தயக்கம், மாடி ஏறி இறங்கணுமே, கம்ப்யூட்டர் தெரியாதேன்னு. ட்ரையல் அன்னைக்கு ஒரு குடும்பம் பையனுக்கு சட்டை எடுக்க வந்தாங்க, டேப்ப எடுக்கல, பையனோட தோள்ல கைய வச்சு பார்த்துட்டு "28 சரியா இருக்கும், ஆனா வளர்ற புள்ள, 30 எடுங்க, கைய கொஞ்சம் மடிச்சு விட்டா அடுத்த வருஷமும் ஓடும்"னாரு. கடைக்கு அதுல லாபம் எதுவும் கூடல. அந்த குடும்பம் பொங்கலுக்கு திரும்ப வந்து "அந்த அண்ணன் இருக்காரா"ன்னு கேட்டாங்க. பார்கோடு அடிக்கிறத எங்க பில்லிங் பையன் அவருக்கு ஒரு வாரத்துல சொல்லிக் குடுத்துட்டான்.

பில்லிங் டெஸ்ட் பத்தி ஒரு வரி. 20 துணி குடுத்து பில் போட சொன்னேன், அதுல ஒண்ணுல வேணும்னே டேக் எடுத்துட்டேன். வந்த 3 பேர்ல 2 பேரு பக்கத்துல இருந்த துணியோட பார்கோட போட்டு முடிச்சிட்டாங்க, வேகம்தான். ஆப்ல வந்த பையன் மட்டும் நிறுத்திட்டு "அக்கா, இதுல டேக் இல்ல, என்ன பண்றது"ன்னு கேட்டான். அவன எடுத்தோம், வருஷக் கடைசி ஸ்டாக் எடுக்கும்போது வித்தியாசம் ரொம்ப கம்மியா வந்ததுக்கு பாதி காரணம் அவன்தான்.

சேர்ற அன்னைக்கே எல்லாத்தையும் ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி கையெழுத்து போட்டு குடுத்தோம், சம்பளம், லீவு நாள், எத்தனாம் தேதி சம்பளம், போனஸ் எப்படி, எல்லாம். பழைய ஆளுங்களோட சேத்து 12 பேர் ஆயிட்டதால இ.எஸ்.ஐ-யும் (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு) போட்டாச்சு, 21,000 வரைக்கும் சம்பளம் வாங்குறவங்களுக்கு பொருந்தும், அவங்க பங்கு 0.75 சதவீதம், நம்ம பங்கு 3.25. முதல்ல எதுக்கு சம்பளத்துல புடிக்கிறீங்கன்னு கேட்டாங்க, திருபுவனத்து பொண்ணோட குழந்தைக்கு காய்ச்சல் வந்து இ.எஸ்.ஐ-ல மருந்து வாங்குன பிறகு யாரும் கேக்கல. நேரம் 10 டு 8-ன்னாலும் வேலை 8 மணி நேரம்தான் வர்ற மாதிரி வச்சிருக்கோம், கடைச் சட்டத்துல நாளைக்கு 8, வாரத்துக்கு 48 மணி நேரம்னுதான் இருக்கு, தீபாவளிக்கு கூட நின்ன நேரத்துக்கு தனியா கணக்கு போட்டு குடுத்தோம்.

முகாமுக்கு 5-க்கு 5 குடுக்குறேன். 6 பேர்ல 4 பேர் அங்கேர்ந்துதான் வந்தாங்க, எனக்கு செலவு பஸ் டிக்கெட்டும் ஒரு நாள் பொழுதும். சும்மா போய் உக்காந்தா மட்டும் போதாது, சம்பளத்த எழுதி டேபிள் மேல வச்சிடுங்க, பெரிய எழுத்துல, அதப் பார்த்துட்டுதான் வரிசை நிக்கும். கடையோட ரெண்டு போட்டோ எடுத்துட்டு போங்க, உள்ள எப்படி இருக்கும், ஸ்டாஃப் பாத்ரூம் இருக்கான்னு பொண்ணுங்க கேப்பாங்க, கேக்க கூச்சப்பட்டாலும் நீங்களே சொல்லிடுங்க. வீட்டுக்கு போய் பேசிட்டு சொல்றேன்னு சொல்றவங்கள அவசரப்படுத்தாதீங்க, என்னோட 4 பேர்ல 2 பேர் அப்படி சொல்லிட்டு போய் மூணாவது நாள் வந்தவங்கதான்.

இப்ப பொங்கலும் முடிஞ்சாச்சு. 5 பேர் இருக்காங்க. ஒரு பொண்ணு, நான் கல்யாணம் எப்பன்னு கேட்டேனே அதே பொண்ணுதான், நர்சிங் அசிஸ்டென்ட் கோர்ஸ்ல சீட் கிடைச்சு போன வாரம் கிளம்பிடுச்சு, கடைசி நாள் எல்லாரும் சேந்து ஒரு சுடிதார் எடுத்து குடுத்து அனுப்பினோம். அந்த இடத்துக்கு ஆள் வேணும், அடுத்த முகாமுக்கு பதிஞ்சாச்சு. இந்த தடவ திருபுவனத்து பொண்ண கூட்டிட்டு போறேன், புடவை செக்ஷனுக்கு யாரு சரியா வருவாங்கன்னு அவங்களே பாக்கட்டும்.